படத்தில் இருக்கும் கிராஃபை எண்ணாக்குவது: எம்க்யூ-2 டேட்டாஷீட்டோடு ஒரு மல்லுக்கட்டு

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்து நீட்டும் வாயு சென்சார் எம்க்யூ-2. கம்பி வலைக் கூண்டுக்குள் டின் ஆக்சைடு பூசிய ஒரு குட்டிக் குழாய், அதற்குள் ஹீட்டர் சுருள், அவ்வளவுதான். சமையல் கேஸ் பட்டால் அந்தப் பூச்சின் மின்தடை குறையும். கேஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள், மாட்யூலில் (சென்சாரைப் பொருத்திய சிறு பலகையில்) இருக்கும் திருகைத் திருப்பி எல்.இ.டி. எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று எண்ணாகச் சொல்ல வேண்டும் என்றால்தான் வம்பு. டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில், அதற்குச் சமன்பாடு கிடையாது, அட்டவணையும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கிராஃப், அதுவும் மங்கலான படமாக.

சென்சாரைப் படிக்க, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்காக இணையத்தில் சுற்றிவரும் நிரல்களைத் திறந்தால் எல்பிஜிக்கு 2.3, 0.21, −0.47 என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காப்பியாகி வருபவை. வேறொரு பிரபலமான நிரல் நூலகத்தில் (லைப்ரரியில்) 574.25, −2.222 என்று இருக்கும். இரண்டும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. அதே கிராஃபை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாகப் படித்ததன் விளைவு. எவர் படித்தது சரி என்று தெரிய வேண்டுமானால் நாமே ஒரு முறை படித்துவிடுவதுதான் வழி.

முதலில் கிராஃபைப் பற்றி. இரண்டு அச்சுகளுமே மடக்கை அளவுகோல், அதாவது லாக்-லாக். கிடை அச்சு 100 முதல் 10000 பிபிஎம் வரை. நெடு அச்சு 0.1 முதல் 10 வரை. அது ஆர்எஸ்/ஆர்0 என்ற விகிதம். ஆர்எஸ் என்பது அந்த நேரத்தில் சென்சாரின் மின்தடை. ஆர்0 என்பது 1000 பிபிஎம் ஹைட்ரஜன் கலந்த காற்றில் அதே சென்சாரின் மின்தடை. இந்த வரையறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய உதவியாக வரும். அளந்த சூழலும் கிராஃபுக்குக் கீழே எழுதியிருக்கிறது: 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், சென்சாரோடு தொடராக இணைக்கும் லோடு ரெசிஸ்டர் 5 கிலோ ஓம். ஹைட்ரஜன், எல்பிஜி, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, ஆல்கஹால், புரொப்பேன் என்று சரிந்து இறங்கும் கோடுகள். உச்சியில் சுத்தமான காற்றுக்குப் படுக்கையாக ஒரு கோடு.

படத்தை வெளியே எடுப்பதிலேயே பலர் பாதியை இழந்துவிடுகிறார்கள். பிடிஎஃபைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அந்த நேரத்தில் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அந்த அளவுக்குத்தான் பிக்சல் கிடைக்கும். அதுவும் ஒரு முறை சுருங்கி விரிந்த பிக்சல். லினக்ஸில் பாப்லர் தொகுப்போடு வரும் பிடிஎஃப்-இமேஜஸ் என்ற கட்டளை, பிடிஎஃபுக்குள் பொதிந்திருக்கும் படத்தை அதன் மூலப் பிக்சல்களோடு உருவித் தந்துவிடும். கட்டளை ஓடியும் படம் எதுவும் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. கிராஃப் வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோடுகளின் ஆயங்களாக, வரையப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து கோட்டைச் சொடுக்கினால் ஒவ்வொரு முனையின் ஆயமும் தசமப் புள்ளியோடு கிடைக்கும். பிக்சலோடு போராடவே வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் டிரான்சிஸ்டர், டயோடு டேட்டாஷீட்களில் பெரும்பாலும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கும். எம்க்யூ-2வுக்கு வாய்க்கவில்லை. ஓரங்களில் ஜேபெக் அழுக்கு படிந்த ஒரு படம்தான் வந்தது. படத்தை ஏதாவது மென்பொருளில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாமா என்று தோன்றும். பெரிதாக்கினால் கண்ணுக்கு இதமாக இருக்கும், தகவல் கூடாது.

நான் பயன்படுத்தியது வெப்பிளாட்டிஜிட்டைசர். அங்கித் ரோஹத்கி 2010 முதல் உருவாக்கி வரும் கருவி, பிரவுசரிலேயே ஓடும். நிறுவிக்கொள்ளும் மென்பொருள்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு எங்கேஜ் டிஜிட்டைசர் இருக்கிறது. கிராஃபின் கட்டக் கோடுகளை நீக்கித் தருவதில் அது கெட்டி. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். அச்சில் மதிப்பு தெரிந்த நான்கு இடங்களைக் காட்டுகிறோம். எந்தப் பிக்சல் எந்த எண் என்ற கணக்கை மென்பொருள் போட்டுக்கொள்கிறது. அதன்பிறகு நாம் தொடும் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் வந்து விழுகிறது.

படத்தை ஏற்றியதும் எந்த வகை கிராஃப் என்று கேட்கும். எக்ஸ்-ஒய் என்பதைத் தேர்ந்தேன். அடுத்து அச்சுப் பொருத்தம். கிடை அச்சில் இரண்டு இடம், நெடு அச்சில் இரண்டு இடம் சொடுக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. 100-ஐயும் 10000-ஐயும் தொட வேண்டும், 1000-ஐயும் 2000-ஐயும் அல்ல. இரண்டு புள்ளிகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்குச் சொடுக்கில் வரும் பிசகு நீர்த்துப்போகும். வலது மூலையில் இருக்கும் பெரிதாக்கும் சாளரத்தைப் பார்த்தபடி, விசைப்பலகையின் அம்பு விசைகளால் புள்ளியைப் பிக்சல் பிக்சலாக நகர்த்தி, அச்சுக் கோட்டின் தடிமனுக்கு நடுவில் உட்கார வைத்தேன். எண் எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துச் சொடுக்கக் கூடாது. எண்ணும் அதன் கோடும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பிறகு இரண்டு அச்சுக்கும் லாக் ஸ்கேல் என்ற பெட்டியில் டிக். இதை விட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது, நேர்கோட்டு அளவுகோலாகவே எடுத்துக்கொண்டு எண்களைக் கொட்டும். 0.1க்கும் 10க்கும் சரிபாதியில் இருக்கும் இடம் லாக் கணக்கில் 1. நேர்கோட்டுக் கணக்கில் 5.05. ஐந்து மடங்கு வித்தியாசம். அச்சு படத்தோடு கச்சிதமாக நேராக இருப்பதாக வைத்துக்கொள்ளவா என்று கேட்கும் பெட்டியை நான் காலியாக விட்டேன். ஸ்கேன் செய்த தாள் கொஞ்சமாவது சாய்ந்திருக்கும். சாய்வைக் கணக்கில் எடுக்கும்படி அதனிடமே விட்டுவிடுவது நல்லது.

இந்த இடத்தில் உடனே எல்பிஜி கோட்டுக்குத் தாவாமல் நின்றேன். மென்பொருள் தரும் எண்ணை நம்பலாமா என்பதற்கு அந்த மென்பொருளே சாட்சி சொல்ல முடியாது. சாட்சி கிராஃபுக்குள்ளேயே எங்கேயாவது இருக்க வேண்டும், விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு புள்ளியாக. எம்க்யூ-2 கிராஃபில் அப்படிப்பட்டது ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

முதலாவது ஹைட்ரஜன். ஆர்0 என்பதே 1000 பிபிஎம் ஹைட்ரஜனில் அளந்த மின்தடை என்பதால், ஹைட்ரஜன் கோடு 1000 பிபிஎம்மில் சரியாக 1 என்ற விகிதத்தைத் தொட்டே ஆக வேண்டும். வரையறைப்படி அதற்கு வேறு வழியில்லை. ஹைட்ரஜன் கோட்டைப் படித்துப் பார்த்தேன். விகிதம் 1 ஆகும் இடம் 990 பிபிஎம் பக்கம் வந்தது. ஒரு சதவீதப் பிசகு, அதாவது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அச்சுப் பொருத்தம் தேறிவிட்டது.

இரண்டாவது காற்றுக் கோடு. இதன் இடது முனையையும் வலது முனையையும் தொட்டால் ஒரே எண் வர வேண்டும். இடதில் 9.8, வலதில் 9.3 என்று வந்தால் படம் சாய்ந்திருக்கிறது, அதை மென்பொருள் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். எனக்கு இரண்டு பக்கமும் 9.8 சுற்றியே வந்தது.

போகிற போக்கில் ஒன்று. எல்லா நிரல்களிலும் சுத்தமான காற்றுக்கு 9.83 என்று போட்டிருப்பார்கள். என் கையில் இருந்த படத்தில் பத்து மடங்குக்கு ஒரு படி என்று வைத்தால், ஒரு படிக்குச் சுமார் 200 பிக்சல். அந்தக் கணக்கில் 9.83 என்பது 10 என்ற மேல் எல்லைக் கோட்டுக்கு ஒன்றரைப் பிக்சல் கீழே இருக்கிறது. ஒரு பிக்சல் நகர்ந்தாலே 9.83 என்பது 9.72 ஆகவோ 9.94 ஆகவோ மாறிவிடும். அந்தக் கடைசி 3-க்கு எந்த மரியாதையும் தேவையில்லை. நான் 9.8 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து எல்பிஜி. வெப்பிளாட்டிஜிட்டைசரில் தானியங்கி முறை ஒன்று உண்டு. கோட்டின் நிறத்தைத் தொட்டுக் காட்டி, கோடு இருக்கும் பகுதியைப் பேனாவால் பூசி எல்லை கட்டிவிட்டால், அந்த நிறமுள்ள பிக்சல்களைச் சராசரி எடுத்து அதுவே புள்ளிகளைத் தூவிவிடும். ஒற்றைக் கோடு உள்ள கிராஃபுக்கு இது வரப்பிரசாதம். இங்கே எல்பிஜி கோடும் புரொப்பேன் கோடும் ஒட்டிப் பிறந்தவை போல ஓடுகின்றன. 1000 பிபிஎம் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் ஐந்து பிக்சல்தான் இடைவெளி. ஒவ்வொரு கோட்டின் தடிமனும் இரண்டு மூன்று பிக்சல். போதாததற்கு ஜேபெக் சுருக்கம் நிறங்களை ஓரத்தில் குழப்பி வைத்திருக்கிறது. நிற வித்தியாசத்தின் வரம்பைக் கூட்டினால் பக்கத்துக் கோட்டின் பிக்சல் உள்ளே வருகிறது, குறைத்தால் கோடு துண்டு துண்டாக அறுந்துபோகிறது. நிறக் குறிப்புப் பெட்டியையும் கவனிக்க வேண்டும். அதிலும் அதே நிறத்தில் ஒரு துண்டுக் கோடு இருக்கும், பூசும்போது அதைச் சேர்த்துவிட்டால் கிராஃபுக்குச் சம்பந்தமே இல்லாத புள்ளிகள் பட்டியலில் ஏறிக்கொள்ளும்.

அதைவிட அடிப்படையான ஒரு காரணத்துக்காகவும் தானியங்கியை ஒதுக்கினேன். இந்தக் கோடுகள் உண்மையில் கோடுகள் அல்ல. சில குறிப்பிட்ட செறிவுகளில் அளந்து புள்ளி வைத்திருக்கிறார்கள். கோட்டின் மேல் தெரியும் குட்டிக் குறிகள் அவைதான். இடைப்பட்டது எல்லாம் வரைந்த மென்பொருள் புள்ளிக்குப் புள்ளி இழுத்த நேர்கோடு. தானியங்கி அந்த இடைவெளியிலிருந்து நூறு புள்ளிகள் எடுத்துத் தந்தால், நூறு அளவீடு கிடைத்த மாதிரி ஒரு மயக்கம் வரும். ஆகவே குறிகளின் நடுப்புள்ளியை மட்டும் கையால் தொட்டு எடுத்தேன். எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் அசல் அளவீடுகள்.

கிடைத்ததைச் சிஎஸ்வியாக இறக்கி லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்தேன். லாக்-லாக் கிராஃபில் நேர்கோடு என்றால், பிபிஎம்மின் லாக்குக்கும் விகிதத்தின் லாக்குக்கும் நேர்கோட்டு உறவு. இரண்டு நெடுவரிசைக்கும் 10 அடிமான லாக் எடுத்து, சாய்வுக்கு ஒரு சார்பு, வெட்டுத்துண்டுக்கு ஒரு சார்பு போட்டால் முடிந்தது. எனக்குச் சாய்வு −0.46, வெட்டுத்துண்டு 1.267 வந்தது. அதைத் திருப்பிப் போட்டால்:

பிபிஎம் = 10^((1.267 − லாக்(ஆர்எஸ்/ஆர்0)) ÷ 0.46)

சரிபார்க்க இன்னொரு சாட்சியும் அதே டேட்டாஷீட்டில் இருக்கிறது, கிராஃபில் அல்ல, முன்னால் உள்ள விவர அட்டவணையில். ஐசோபியூட்டேன் 3000 பிபிஎம்மில் உள்ள மின்தடையை 1000 பிபிஎம்மில் உள்ளதால் வகுத்தால் 0.6 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும் என்று ஒரு வரி. என் சாய்வை வைத்துக் கணக்கிட்டால், 3-இன் அடுக்கு −0.46 என்பது 0.60. எல்பிஜி என்பதே பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான் என்பதால் இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல. கடைசியாக, இந்தச் சமன்பாட்டிலிருந்தே புள்ளிகளை உருவாக்கி அசல் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கோட்டின் தடிமனுக்கு வெளியே எதுவும் போகவில்லை. கண்ணால் பார்க்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். லாக் பெட்டி, மாறிப்போன அச்சு, தவறாகத் தட்டிய ஒரு பூஜ்யம் எல்லாம் இதில் ஒரே பார்வையில் பிடிபடும்.

இப்போது அந்தப் பழைய இரண்டு எண் கூட்டங்களுக்கு வருவோம். விகிதம் 1.6 என்றால் முதல் கூட்டம் 205 பிபிஎம் என்கிறது, இரண்டாவது 202. சண்டையே இல்லை. விகிதம் 0.55 என்றால் முதலாவது 1990, இரண்டாவது 2170; என்னுடையது 2080, நடுவில். விகிதம் 0.3க்குப் போனால் 7230க்கும் 8340க்கும் உள்ள தூரம். கோட்டின் இரண்டு முனைகளை மட்டும் எடுத்துச் சாய்வு கண்டால் ஒரு விடை, இடையில் உள்ள புள்ளிகளையும் சேர்த்துப் பொருத்தினால் இன்னொரு விடை. யாரும் தப்பாகப் படிக்கவில்லை. சாய்வு 0.46 என்பதால் பிபிஎம் கணக்கில் அதன் தலைகீழான 2.17 அடுக்காக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. படத்தில் ஒரு பிக்சல் பிசகினால் விகிதத்தில் 1.2 சதவீதம், பிபிஎம்மில் 2.5 சதவீதம். மூன்று பிக்சல் பிசகினால் 8 சதவீதம். கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும்போது இந்த வேறுபாடு வருவது இயற்கை.

பிக்சலுக்காக இவ்வளவு மெனக்கெட்டவன் அடுத்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அதே விவர அட்டவணையில் சென்சாரின் மின்தடை 3 முதல் 30 கிலோ ஓம் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சென்சார்களுக்கு நடுவில் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தாலும் தயாரிப்பாளர் கணக்கில் இரண்டும் நல்லவை. அதனால்தான் கிராஃபே விகிதத்தில் இருக்கிறது. ஆர்0-ஐ எங்கிருந்தும் காப்பியடிக்க முடியாது. கையில் இருக்கும் சென்சாரை 24 மணி நேரத்துக்குக் குறையாமல் சூடேற்றி, சுத்தமான காற்றில் ஆர்எஸ் அளந்து, 9.8ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹீட்டர் 33 ஓம், 5 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒன்றுக்கு மேல் சென்சார் வைப்பதாக இருந்தால் ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையை நம்பாமல் தனி சப்ளை கொடுங்கள்.

மாட்யூலைத் திருப்பிப் பார்த்தால் லோடு ரெசிஸ்டர் மேல் 102 என்று அச்சடித்திருக்கும். அது 1 கிலோ ஓம், டேட்டாஷீட் சொல்லும் 5 அல்ல. பலர் இதைப் பார்த்துப் பதறி ரெசிஸ்டரைப் பெயர்த்து மாற்றுகிறார்கள். ஆர்எஸ் என்பது (5 ÷ வெளியீட்டு வோல்ட் − 1) × லோடு. ஆர்0-ஐயும் அதே லோடை வைத்துத்தான் கண்டோம். வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப்போகும். விகிதத்துக்காக ரெசிஸ்டரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

நிரலில் நான் வைத்த ஒரு கட்டுப்பாடு முக்கியம். எல்பிஜி கோடு கிராஃபில் 200 பிபிஎம்மில்தான் தொடங்குகிறது. சமன்பாட்டுக்கு அது தெரியாது. சுத்தமான காற்றின் 9.8 என்ற விகிதத்தைக் கொடுத்தாலும் கூச்சமில்லாமல் 4 பிபிஎம் என்று பதில் சொல்லும். அந்த 4 அளந்து வந்தது அல்ல, கோட்டை இல்லாத இடத்துக்கு நீட்டியதில் வந்தது. எனவே விகிதம் 1.6க்கு மேல் இருந்தால் திரையில் எண் வராது, 200க்குக் கீழே என்று மட்டும் வரும். 10000க்கு மேலேயும் அப்படியே. எச்சரிக்கை ஒலியை 0.55 என்ற விகிதத்தில் வைத்தேன். எல்பிஜி தீப்பற்றக் குறைந்தபட்சம் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்திருக்க வேண்டும். அது 20000 பிபிஎம். 0.55 காட்டும் சுமார் 2080 பிபிஎம் அதில் பத்தில் ஒரு பங்கு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். பெட்டியைப் புகை அலாரம் போலக் கூரையில் மாட்டாமல் சிலிண்டர் பக்கத்தில் தரைக்கு ஒரு சாண் மேலே வைத்தேன். லைட்டர் வாயுவை மூடிய டப்பாவுக்குள் விட்டுச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, அந்த வேலை வேண்டாம். இந்தப் பெட்டி முறையாகச் சான்று பெற்ற கேஸ் டிடெக்டருக்கு மாற்றும் அல்ல. வாடை வந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்சைத் தொடாமல் வெளியே வருவதுதான் முறை.

அதே டேட்டாஷீட்டில் இன்னொரு கிராஃப் இருக்கிறது: வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் மின்தடை எப்படி மாறும் என்பது. இது நேர்கோட்டு அளவுகோல், லாக் தொல்லை இல்லை. இதற்கும் உள்ளேயே சாட்சி உண்டு. இந்தப் படத்தில் ஆர்0 என்பது 20 டிகிரி, 33 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. ஆகவே 33 சதவீதக் கோடு 20 டிகிரியில் 1-ஐத் தொட வேண்டும். முதல் கிராஃபில் ஈரப்பதம் 65 சதவீதம் என்பதால், இரண்டு கிராஃபிலும் ஆர்0 என்று ஒரே பெயர் இருந்தாலும் இரண்டும் ஒரே எண் அல்ல. ஒன்றின் எண்ணை மற்றதில் நேராகப் பெருக்கினால் கணக்கு உதைக்கும். சென்னை ஈரப்பதம் பெரும்பாலும் 65க்கு மேலேதான். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஹெச்டி22 சென்சார் ஒன்றைச் சேர்த்து, இந்த இரண்டாம் கிராஃபின் புள்ளிகளைச் சிறிய அட்டவணையாக நிரலுக்குள் வைத்து, அளக்கும் நேரத்தில் உள்ள நிலையை ஆர்0 எடுத்த நேரத்து நிலையோடு ஒப்பிட்டு விகிதத்தைத் திருத்துகிறேன். இங்கே சமன்பாடு பொருத்தவில்லை. அட்டவணையில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டாலே போதுமானதாக இருக்கிறது. திரையில் பிபிஎம்மை நூறுகளுக்கு முழுமையாக்கித்தான் காட்டுகிறேன். 2083 என்று காட்டும் அளவுக்கு இந்தச் சென்சாரிலும் சரக்கு இல்லை, அந்தப் படத்திலும் இல்லை.